மூன்றாவது பிணையாளி

வெல்லாவெளியில் சின்னமாமா வீட்டு முன் அறையில் அன்று கால் நீட்ட இடமில்லை. அறுவடை முடிந்து மூன்றாம் நாள். வயல்வட்டையிலிருந்து ஏற்றி வந்த நெல்மூட்டைகளைச் சுவரோரமாக ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். மின்விசிறியைப் போட்டால் நெல்தூசி பறந்தது. நிறுத்தினால் வியர்த்தது. என் மடியில் இருந்த மகள் ஆதிரா தும்மித் தும்மி, மூக்கை என் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது இரண்டரை வயது.

சின்னமாமா என் அம்மாவின் தம்பி. ஒரு பாடசாலையில் பிரதி அதிபர். மேசையில் தவணைப் பரீட்சைத் தாள்கள் கிடந்தன. அவற்றின் மேல் நான் கொண்டுபோன படிவத்தை வைத்து, விடைத்தாள் திருத்துவதைப் போலவே வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். நான் வெளிநாடு போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வருவேன் என்று இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். முதலாவது கையெழுத்து ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இரண்டாவது இவர்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனை மூடியைக் கழற்றினார். பிறகு மேசைக்கு மேலாக ஆதிராவைப் பார்த்தார்.

"புள்ள இஞ்சதானே நிக்கும்?"

"இல்ல மாமா. கூட்டிட்டுப் போறதுக்குத்தான் பாக்கிறம்."

மாமா மூடியைத் திரும்பப் போட்டார். டக் என்று ஒரு சின்னச் சத்தம். இன்றைக்கும் விரிவுரை மண்டபத்தில் யாராவது பேனையை மூடினால் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறேன்.

ஒரு வாசகிக்குப் பதில்

போன கிழமை இந்தத் தொடரில் புலமைப்பரிசில் கடிதம் வந்த நாளைப் பற்றி எழுதியிருந்தேன். கடைசியில், இரண்டரை வயது மகளை இங்கே விட்டுவிட்டுத்தான் போனேன் என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். பால்குடி மறந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளையை விட்டுவிட்டுப் போக எனக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டிருக்கிறார். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். தன் பேரப்பிள்ளைக்கும் அதே வயது என்றும் எழுதியிருக்கிறார்.

மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். முதலாவது பதிலை எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது அது முழுக்க மன்னிப்பாக இருந்தது. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. என்ன குற்றம் செய்தேன் என்று இந்த மன்னிப்பு?

அம்மா, உங்களுக்கான பதில் இந்த அத்தியாயம்தான். எனக்கு மனம் வரவில்லை. என் மனம் வந்ததா என்று யாரும் கேட்கவும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறேன். அப்போது தகுதிகாண் விரிவுரையாளர். அதாவது குறிப்பிட்ட வருடங்களுக்குள் முதுமாணிப் பட்டம் எடுத்துக்கொண்டு வராவிட்டால் வேலை போய்விடும். எங்கே படிப்பது, எப்படிப் படிப்பது, காசுக்கு எங்கே போவது என்பது அவரவர் பாடு. பட்டம் மட்டும் வேண்டும். ஆகவே எல்லோரையும் போல நானும் வெளிநாட்டு அரசுகள் தரும் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பித்தேன். மூன்று வருடம் விண்ணப்பித்தேன். முதல் வருடம் ஆதிரா வயிற்றில் இருந்தாள். வாந்தி எடுத்துவிட்டு வந்து எங்கள் வாவி இறாலுக்கு வரும் நோயைப் பற்றி ஆய்வுத் திட்டம் எழுதியது நினைவிருக்கிறது.

மூன்றாவது வருடம் கிடைத்தது. வடக்கே ஒரு குளிர்நாடு. பெயரை எழுதவில்லை. அந்தத் தூதரகத்தில் எனக்காக நல்ல மனதோடு ஓடித்திரிந்த ஒரு பெண் இன்னும் வேலை செய்கிறார்.

கற்கைக் கட்டணம் முழுவதும் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் கொடுத்தார்கள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், இந்தத் தொகை புலமைப்பரிசில் பெறுபவர் ஒருவருக்கு மட்டுமே போதுமானது என்று எழுதியிருந்தது. குடும்பத்தை அழைத்து வரலாம், ஆனால் அவர்களுக்கான செலவு தன்னிடம் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்ட வேண்டும்.

அந்தப் பக்கத்தை எழுதியவருக்குப் பிள்ளை இருந்ததா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. இருந்திருக்கும். அதை வேறு யாரோ வளர்த்திருப்பார்கள்.

றாத்தா கேட்காத கேள்வி

சம்பளத்தோடு படிப்பு விடுமுறை கிடைக்க வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் எழுத வேண்டும். நாங்கள் "பொண்ட்" என்போம். படித்து முடித்துத் திரும்பி வந்து இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்வேன், வராவிட்டால் என் பிணையாளிகள் இரண்டு பேரும் அந்த விடுமுறைச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டுவார்கள். பிணையாளிகள் நிரந்தரச் சம்பளக்காரர்களாக இருக்க வேண்டும். கணவன் நிற்க முடியாது. என் கணவர் ரமணன் ஓட்டமாவடியில் கணித ஆசிரியர். நிரந்தரச் சம்பளம்தான். ஆனால் கணவனும் மனைவியும் ஒரே ஆள் என்பது அந்தப் படிவத்தின் கணக்கு.

எங்கள் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப அலுவலராக இருந்தவர் றிஸ்வியா றாத்தா. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவை றாத்தா என்பார்கள். அவரும் ஓட்டமாவடிப் பக்கம். காலையில் ரமணன் வடக்கே பஸ் ஏறினால், றாத்தா எதிர்ப்பக்கமாகத் தெற்கே வருவார். இறால் மாதிரிகளை வெட்டிப் போத்தலில் போட்டுக்கொண்டிருந்தவரிடம் தயங்கித் தயங்கிப் படிவத்தை நீட்டினேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்.

"எங்க வைக்கணும்? இதிலயா?"

வாசிக்கவில்லை. வைத்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லையே றாத்தா என்றேன்.

"கேட்டாப் பயம் வந்துரும் தங்கச்சி. பயம் வந்தாக் கை எழுதாது. அதான் கேக்கல்ல." பிறகு கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க வராம உட்டீங்கெண்டா உங்கட அமிர்தகழி வீட்டுல வந்து குந்திருவன். மூணு நேரமும் இறால் கறி வேணும். இந்தப் போத்தல் இறால் இல்ல."

அந்தத் தாளில் ஃபோர்மலின் மணம் இருந்தது. மாமா வெல்லாவெளியில் அதைக் கையில் எடுத்ததும் முதலில் முகர்ந்து பார்த்தார்.

சிரித்த படம்

பிள்ளையைக் கூட்டிப்போக முதலில் முயன்றது ஒரு சங்கத்திடம். எங்கள் பக்கத்திலிருந்து போய் வெளிநாட்டில் நன்றாக இருப்பவர்கள் சேர்ந்து நடத்துவது. ஊர்ப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவுகிறோம் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. முதல் ஆறு மாதத்துக்குப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கான செலவு, அவ்வளவுதான். அங்கே போய்ப் பகுதிநேர வேலை ஒன்று பிடித்துவிட்டால் மிகுதியைச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கணினித் திரையில் மூன்று ஐயாமார் வந்தார்கள். ஒருவர் காரோட்டிக்கொண்டே வந்தார். என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. குளிரில் சின்னப் பிள்ளைக்குச் சளி பிடிக்காதா என்று ஒருவர் கேட்டார். அம்மா இருக்கிறாவா என்று இன்னொருவர் கேட்டார். இருக்கிறா என்றேன். அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. காரில் இருந்தவர் ஒரு சந்தியில் நின்ற நேரம் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, நாங்க படிப்புக்குத்தான் குடுக்கிறம். பிள்ள வளக்கிறதுக்கு எங்கட சங்கத்துச் சட்ட யாப்பில இடமில்ல."

பச்சை விளக்கு எரிந்திருக்க வேண்டும். அவர் போய்விட்டார்.

இரண்டு கிழமை கழித்து அவர்களுடைய உள்ளூர்ப் பிரதிநிதி வீட்டுக்கு வந்தார். ஒரு பயணப் பெட்டி கொண்டுவந்தார். சங்கத்தின் பெயர் மஞ்சள் எழுத்தில் பெட்டியின் முதுகு முழுவதும். படம் எடுக்க வேண்டும், பெட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சிரியுங்கள் என்றார்.

சிரித்தேன். அதை எழுதும்போது கை கூசுகிறது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வீட்டு வாசலுக்கு வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள், கொடுத்தால் வாங்கு, வாங்கினால் சிரி. அந்தப் படம் இன்னும் அவர்களுடைய பக்கத்தில் இருக்கிறது. மேற்படிப்புக்கு உதவி பெற்றவர்கள் வரிசையில் நான் நாலாவது.

இதையும் சொல்லிவிடுகிறேன். நான் புறப்பட்ட அதே வருடம் எங்கள் பீடத்தில் இன்னொரு விரிவுரையாளரும் போனார். ஆண். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூடவே போனார்கள். பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காதா என்று அவரிடம் யாரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

வீடு வேறு, பிள்ளை வேறு

மிச்சம் இருந்த வழி வங்கி. ஒரு தனியார் வங்கி, வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் கொடுத்தது. வீட்டை ஈடு வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவார். அமிர்தகழியில் நாங்கள் இருக்கும் வீடு அம்மாவுக்கு அவவுடைய அம்மா கொடுத்தது. எனக்குக் கலியாணம் நடந்தபோது வீட்டு உறுதிப் பத்திரத்தை என் பெயரில் எழுதினார்கள். ஆனால் அம்மா உயிரோடு இருக்கும்வரை அதில் அவவுக்கும் உரித்து உண்டு. அவ கையெழுத்து வைக்காமல் ஒன்றும் செய்ய முடியாது. வங்கி முகாமையாளர் உறுதியைப் பார்த்துவிட்டு, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்க, ஒரு மணித்தியால வேலை" என்றார்.

அம்மா முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தம்பியிடம் கேட்போம் என்றா. அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெல்லாவெளிக்குப் போனேன். ஒரே பயணத்தில் இரண்டு கையெழுத்துக்கும் வழி பிறக்கும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை படிவத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விடுமுறை இல்லை. விடுமுறை இல்லையென்றால் புலமைப்பரிசில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மாமா பேனையை மூடியதும் மாமி உள்ளே இருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. யாரும் குடிக்கவில்லை.

மாமாவின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவருடைய பக்கத்தையும் எழுதாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். பல வருடத்துக்கு முன் தன் நண்பரின் மகன் ஒருவனுக்கு அவர் பிணை நின்றார். கெட்டிக்காரன். வெல்லாவெளியிலிருந்து முதன்முதலில் கலாநிதிப் பட்டத்துக்குப் போனவன். போய் ஆறு மாதத்தில், விடுமுறைக்கு வந்து நிற்கட்டும் என்று மனைவியையும் பிள்ளைகளையும் அங்கே அழைத்து எடுத்தான். பிறகு ஒருவரும் வரவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து மாமாவுக்குக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து மாதாமாதம் சம்பளத்தில் வெட்டு. அந்த வருடம் மாமா பாடசாலைக்குப் போக வைத்திருந்த மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுச் சைக்கிளுக்கு மாறினார். அவன் பனியில் சறுக்கி விளையாடும் படங்களை மாமி கைத்தொலைபேசியில் பார்ப்பா. மாமா பார்க்க மாட்டார்.

"அவன் நல்லவன்தான்" என்றார் மாமா அன்றைக்கும். "அவனுக்கு இஞ்ச என்ன கிடந்தது, திரும்பி வாறதுக்கு? எல்லாத்தையும் அங்க எடுத்திட்டான். தனியப் போனவனுகள் எல்லாரும் வந்திருக்கானுகள். குடும்பத்தோட போனவன்தான் வரல்ல."

"நான் வருவன் மாமா."

"தெரியும். நான் உன்ன நம்பல்ல எண்டு சொல்லல்ல." அவர் ஆதிராவின் கன்னத்தில் ஒட்டியிருந்த நெல்லுமியை விரலால் எடுத்துவிட்டார். "புள்ளைய நம்புறன். புள்ள இஞ்ச நிண்டா நீ வந்துதான் ஆகணும். விட்டுட்டுப் போறதெண்டாச் சொல்லு, இப்பவே வைக்கிறன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு பெரிய சுமை இறங்கியவள்போலச் சொன்னா:

"தம்பி சொல்றது சரிதானே புள்ள. அப்படியெண்டா வீட்டையும் வைக்கத் தேவல்ல. வீட்ட எப்படி வைக்கிற? அது ஆதிராட வீடு. நாளைக்கு அவளுக்குக் குடுக்கணும்."

இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. வீட்டை ஈடு வைக்கக் கூடாது, ஏனென்றால் அது பிள்ளையினுடையது. பிள்ளையை வைக்கலாம். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அதில் ஒரு பிசகும் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியவில்லை. மாமி தலையாட்டினா.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். "சரி மாமா" என்றேன்.

இரண்டு சொல். அதற்குப் பிறகு நூறு தடவை அந்த அறைக்குள் போய் வேறு பதில்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். வேறு பிணையாளி தேடியிருக்கலாம். திங்கட்கிழமை ஒரு நாள் முழுவதும் இருந்தது. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லத்தான் கஷ்டம். மாமா கையெழுத்து வைத்தபோது என் உடம்புக்குள் எங்கோ ஓர் ஆறுதல் வந்தது. பிள்ளை இல்லாமல் போனால் வாசிக்கலாம். இரவில் ஒரே மூச்சாகத் தூங்கலாம். எங்கள் ஊர் மாமாங்கக் கோயில் திருவிழா முடிந்த கிழமை நான் விமானம் ஏறினேன். அழுவேன் என்று நினைத்துக் கைக்குட்டை இரண்டு வைத்திருந்தேன். ஏறியதும் தூங்கிவிட்டேன். இறங்கும்வரை தூங்கினேன். இரண்டரை வருடத்தில் அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை.

அந்தத் தூக்கத்துக்காகத்தான் விட்டுவிட்டுப் போனேனா என்று இப்போதும் சில நேரம் எனக்குச் சந்தேகம் வரும். பிறகு கோபம் வரும். தூங்குவதற்கு ஒரு பெண் ஆறாயிரம் மைல் போக வேண்டியிருந்தால், அது அவளுடைய குற்றமா?

அடுத்த அறையிலிருந்து ஓர் அழைப்பு

ரமணன் நன்றாகப் பார்த்தார். மறைக்க வேண்டியதில்லை. மாமியார் வீட்டில், மனைவி இல்லாமல், பதினெட்டு மாதம். அவருடைய வீட்டார் இங்கே வந்துவிடு என்று கூப்பிட்டும் போகவில்லை. பிள்ளைக்குத் தலை பின்னப் பழகினார். ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்தது. தாய்க்குத் தாயாக நிற்கிறான் என்றார்கள். நானும் அதற்கு முன் இரண்டரை வருடம் தாய்க்குத் தாயாகத்தான் நின்றேன். அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆதிராவுக்கு நான் காணொளி அழைப்பில் சோறு ஊட்டினேன். அதாவது, இங்கே அவர் ஊட்டுவார், அங்கே நான் வாயைத் திறப்பேன். என்னைப் பார்த்து அவளும் திறப்பாள். இங்கே மத்தியானச் சோறு, அங்கே எனக்கு விடிந்தும் விடியாத நேரம். பல்லும் விளக்காமல் திரைக்கு முன்னால் இருந்து வெறும் வாயை மென்றேன். பதினெட்டு மாதம்.

திரும்பி வந்தேன். அவளுக்கு நாலு வயது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன், விறைத்துப்போய் நின்றாள். அழவில்லை. மரியாதையாக நின்றாள், அறியாத டீச்சர் ஒருவர் தூக்கியதுபோல. அதை எல்லோரும் எதிர்பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எதிர்பார்த்திருந்தேன்.

எதிர்பார்க்காதது மத்தியானம் நடந்தது. நான் சோற்றைப் பிசைந்து, மீன் முள் பார்த்து எடுத்து, ஒரு கவளம் நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. ரமணன் ஊட்டினார். அப்போதும் திறக்கவில்லை. கண்ணால் எதையோ தேடினாள். "அம்மா எங்க?" என்றாள்.

"இந்தா இருக்கிறன் மகள்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேசையில் தொலைபேசி வழக்கமாகச் சாத்தியிருக்கும் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தாள்.

ரமணன் தொலைபேசியை எடுத்துப் போத்தலில் சாத்தினார். நான் எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கட்டிலில் இருந்து, என் வீட்டுக்குள் இருந்தே என் வீட்டுக்கு அழைப்பு எடுத்தேன். திரையில் வந்ததும் சிரித்தாள். நான் வாயைத் திறந்தேன். அவளும் திறந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மெல்லும் சத்தம் எனக்கு நேராகவும் கேட்டது, தொலைபேசியிலும் கேட்டது.

பதினொரு நாள் அப்படிச் சாப்பிட்டாள். பன்னிரண்டாம் நாள் நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அழைத்தேன். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல.

சின்னமாமா பார்க்க வந்தார். வாழைக்குலை ஒன்றும், புது நெல் அரிசியும் கொண்டுவந்தார். சந்தோஷமாக இருந்தார். அம்மாவிடம் சொன்னார்: "நான் சொன்னன்தானே அக்கா. வந்திட்டாள்."

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். மறந்தேனா, போடாமல் விட்டேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மாமா முகத்தைச் சுளிக்காமல் குடித்து முடித்தார்.

பல்கலைக்கழகத்தில் கடமையைப் பொறுப்பேற்றதற்குக் கடிதம் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாகப் பதில் கடிதம் தந்தார்கள். பிணையாளிகள் இருவருக்கும் பிரதி அனுப்பியிருந்தார்கள். ஒரு பிரதியை ஆதிராவுக்கும் அனுப்பியிருக்க வேண்டும்.

இரண்டு இடம்

இந்த வருடம்தான் என்னை வேலையில் நிரந்தரமாக்கினார்கள். நிரந்தரமானதும் ஒருவருக்கு முதலில் கிடைப்பது மற்றவர்களுக்குப் பிணை நிற்கும் தகுதி.

லக்சிகா வந்தாள். வாகரைப் பக்கம். என்னிடம் படித்தவள், இப்போது எங்கள் துறையிலேயே தகுதிகாண் விரிவுரையாளர். கணவர் கடலுக்குப் போகிறவர். ஒன்றரை வயதில் ஒரு மகன். அவளுக்கும் ஒரு புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது. நாடு வேறு. இரண்டாம் பக்கத்து வரி அதேதான், ஒருவருக்கு மட்டும்.

படிவத்தை மேசையில் வைத்தாள். நான் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டேன், பேனையை எடுத்தேன், வாயே திறக்கவில்லை. அதற்குள் அவள் சொன்னாள்:

"மிஸ், ஒண்டும் பயப்பிடாதீங்க. மகன அம்மாட்ட விட்டுட்டுத்தான் போறன்."

நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். அடையாள அட்டையின் பிரதியை இணைப்பதைப் போல அதையும் முன்கூட்டியே இணைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். யாரும் கேட்க முதலே.

"ஏன் அத என்னட்டச் சொல்றீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

அவள் பயந்துவிட்டாள். "எல்லாரும் கேப்பாங்கதானே மிஸ். மற்றச் சைன் வைச்ச சேரும் அதத்தான் முதல்ல கேட்டவர்."

எனக்கு வந்த கோபத்தில் பேனையை எறிந்திருப்பேன். யார் மேல் எறிவது? அந்த மற்றப் பிணையாளி சேர் ஒரு பாவம். அவருக்கும் யாரோ ஒருவன் கடன் வைத்துவிட்டுப் போயிருப்பான். படிப்பு வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள், படிப்புக்குக் காசு கொடுக்கிறவர்கள், பிள்ளை வளர்ப்புக்கு யாப்பில் இடமில்லாதவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் பங்கைச் சரியாகச் செய்துவிட்டார்கள். மிச்சத்தைக் கட்டுவதற்கு ஒன்றரை வயதில் ஒருவன் இருக்கிறான்.

"லக்சிகா, கூட்டிட்டுப் போறதும் விட்டுட்டுப் போறதும் உங்கட பாடு. நான் கேக்கல்ல. ஆனா என்ட கையெழுத்துக்காக அவன விட்டுட்டுப் போகாதீங்க."

அவள் விரலால் இடத்தைக் காட்டினாள். நான் வாசிக்கவில்லை. காட்டிய இடத்தில் வைத்தேன்.

அன்று வீட்டில் சொன்னபோது ரமணன் சோற்றுக் கோப்பையில் இருந்து தலையை நிமிர்த்தினார். "மகனையும் கொண்டு போறாவோ?"

"தெரியாது. கேக்கல்ல."

"கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். என் சம்பளம், எங்கள் வீட்டுச் செலவில் பாதிக்கு மேல். ஆதிரா இப்போது முதலாம் வகுப்பு. பிழையான ஆளுக்குக் கையெழுத்து வைத்திருந்தால் அவளுடைய பங்கில்தான் கை வைக்கப் போகிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு கிழமை எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. சின்னமாமா ஏன் பேனையை மூடினார் என்று முன்னைவிட நன்றாக விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

லக்சிகா போன மாதம் புறப்பட்டாள். கணவர் தோணி எஞ்சினை விற்றாராம். மூன்று பேரும் போனார்கள்.

எங்கள் அலுவலகத்து எழுதுவினைஞர் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். "மிஸ், அந்தப் புள்ள மகனையும் கொண்டு போயிட்டாவாமே. உங்களுக்குத் தெரியுமா? நீங்கதானே ஒரு சைன்?"

"ஓம்" என்றேன். "தெரியும்."

"இனி இஞ்ச அவக்கு ஆரு இருக்கா?"

நான் அவரைப் பார்த்தேன். இஞ்ச நான் இருக்கிறேன், மற்றச் சேர் இருக்கிறார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். லக்சிகா வருவாளா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் படிவத்தை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். அதில் பிணையாளிகளுக்கு இரண்டு இடம்தான் விட்டிருக்கிறது.